பகலில் தூங்கும் வீட்டுக்காரர்களுக்கு

1

போன ஞாயிற்றுக்கிழமை அத்திப்பட்டிலிருந்து டேனியல் கூப்பிட்டான். என் மனைவி எஸ்தரின் தம்பி. அனல்மின் நிலையத்தில் ஒரு ஒப்பந்தக்காரரிடம் வேலை, பெரும்பாலும் இரவு ஷிப்ட். அவனுக்கும் அவன் மனைவி பிரியாவுக்கும் இரண்டே கால் வயதில் ஒரு பையன் இருக்கிறான், ஆரோன். நலம் விசாரித்து, இங்கே மெல்பர்னில் குளிரா வெயிலா என்று கேட்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு விஷயத்துக்கு வந்தான்.

"மாமா, நீ பிரியாகிட்ட ஒரு வார்த்த சொல்லணும். ஆரோனு இன்னும் பேசலன்னு டெய்லி அழுதுக்கினு கீறா. எனுக்குத் தூக்கமே போச்சு. உங்க ஜோயலும் லேட்டாத்தான பேசுனான்? ஆம்பள புள்ளங்க லேட்டாத்தான் பேசும்னு நீ சொன்னா கேட்டுக்குவா. ஃபாரின்ல கீற ஆளு சொன்னா அதுக்கு ஒரு மரியாத கீது."

எனக்குச் சிரிப்பு வந்தது. நல்ல சிரிப்பு இல்லை. எங்கள் பையன் ஜோயலுக்கு அடுத்த மாதம் ஏழு வயது முடிகிறது. அவன் தாமதமாகப் பேசினான், இப்போது இங்கிலீஷில் வெளுத்துக் கட்டுகிறான் என்று ஊரில் எல்லோரும் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். அப்படிச் சொல்லி வைத்தவன் நான்தான். அவன் வாயிலிருந்து தானாக வருகிற சொற்களைக் கணக்குப் பார்த்தால் இரண்டு கை விரல்களுக்குள் அடங்கிவிடும். அதை எஸ்தர் தன் கூடப் பிறந்த தம்பியிடம்கூடச் சொன்னதில்லை. நான் சொல்லவிட்டதில்லை.

"சரி, சொல்றேன்" என்று வைத்துவிட்டேன். ஆனால் சொல்ல வேண்டியது ஒரு வார்த்தையில் அடங்காது. வாயால் சொன்னால் நான் வழக்கம்போல நடுவில் பொய் சேர்த்துவிடுவேன். எழுதினால் எஸ்தர் படித்துப் பார்ப்பாள் என்ற பயமாவது இருக்கும். அதனால் எழுதுகிறேன். டேனியலுக்கு மட்டும் இல்லை. கும்மிடிப்பூண்டியிலும் அத்திப்பட்டிலும் ராத்திரி முழுக்க வேலை செய்துவிட்டுப் பகலில் தூங்குகிற எல்லா வீட்டுக்கும்.

2

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டைப் பக்கம் குடியிருந்தவர்களுக்கு நான் சொல்வது உடனே புரியும். ஒரே காம்பவுண்டுக்குள் ஆறு போர்ஷன். மேலே ஷீட் கூரை. ஆறு வீட்டில் நாலு வீட்டு ஆண்கள் ஷிப்ட் போகிறவர்கள். நான் இரும்புக் கம்பி உருட்டும் ஆலை ஒன்றில் ஃபிட்டர். மற்றவர்கள் வாரம் மாற்றி வாரம் ராத்திரி போவார்கள். நான் மட்டும் ராத்திரி வேலைக்குத் தனிப் படி கிடைக்கிறதே என்று கேட்டு வாங்கிக்கொண்டு நிரந்தரமாக ராத்திரி ஷிப்டிலேயே கிடந்தேன். காலை ஏழு மணிக்கு நாஷ்டா தின்றுவிட்டுப் படுத்தால் மதியம் மூன்று வரை வீட்டில் ஈ பறக்கக் கூடாது.

அதற்கு எஸ்தர் ஒரு முறையே வைத்திருந்தாள். குக்கர் விசில் அடிக்கும் என்று சோறு வடித்துத்தான் ஆக்குவாள். கதவுத் தாழ்ப்பாளில் பழந்துணி சுற்றியிருக்கும். கீரைக்காரம்மா வந்தால் கையை ஆட்டித்தான் பேச்சு. பிள்ளையை யாரும் பேர் சொல்லிக் கூப்பிடக் கூடாது, கிட்டே போய்த் தொட்டுத்தான் அழைக்க வேண்டும். ஒருநாள் பக்கத்துப் போர்ஷன் பையன் சுவரில் பந்து அடித்தான் என்று, தூக்கத்திலிருந்து எழுந்து போய் அந்தப் பந்தைப் பிடுங்கிக் கூரைமேல் எறிந்தேன். பெருமைக்குச் சொல்லவில்லை. ஆள் எப்படிப்பட்டவன் என்று நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

அந்த வீட்டில்தான் ஜோயல் தவழ்ந்தான், நடந்தான். கைக்குழந்தையாக இருந்தபோதே அதிகம் அழமாட்டான். ஒன்றேகால் வயதிலும் வாய் திறக்கவில்லை. காம்பவுண்டே மெச்சியது. "தங்கமான புள்ள. அப்பன் தூங்கறான்னு அதுக்கே தெரியுது பாரு" என்பார்கள். ஆலையில் டீ குடிக்கும்போது நானும் பீற்றிக்கொள்வேன். "உங்க ஊட்டுப் புள்ளைங்க மாதிரி இல்ல. எங்க ஊட்ல ஒண்ணு கீது, சத்தமே வராது."

அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்று சொல்வார்கள். ஜோயல் அழாமலே காரியம் முடிப்பான். தாகம் எடுத்தால் எஸ்தரின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துப் போய் அவள் கையைக் குடத்தின்மேல் வைப்பான். அவள் முகத்தை ஏறிட்டுப் பார்க்கமாட்டான். ஸ்பானரை எடுத்துப் போகிற மாதிரி கையை மட்டும் எடுத்துப் போவான். நாங்கள் அதைச் சாமர்த்தியம் என்று எடுத்துக்கொண்டோம். நான் ஆலையிலிருந்து கொண்டுவந்த பழைய வாஷர்களைத் தரையில் கோடு போட்ட மாதிரி மணிக்கணக்கில் அடுக்குவான். ஒன்றைத் தள்ளி வைத்தால் மறுபடி அதே இடத்துக்குக் கொண்டுவருவான். "ஃபிட்டர் புள்ள ஃபிட்டர்" என்று நான் தோளைத் தட்டிக்கொண்டேன்.

3

முதலில் கண்டுபிடித்தது நாகம்மா அக்கா. எங்களுக்கு அடுத்த போர்ஷன். தடா பக்கத்திலிருந்து வந்தவர், வீட்டில் தெலுங்கு பேசுவார்கள். ஜோயலுக்கு அப்போது ஒன்றரை வயது.

"எஸ்தரு, நானும் ஒரு வாரமா பாத்துக்கினு கீறேன். நைனா நைனான்னு கூப்ட்டா திரும்பவே மாட்டேங்கறான். தோ பாரு காக்கான்னு காட்டுனா, அவன் காக்காவ பாக்கல. டாட்டா காட்ட மாட்டேங்கறான். எங்க அக்கா பேரன் ஒண்ணு இப்டித்தான் இருந்துச்சி. எங்கனா காட்டிடு."

எஸ்தர் அங்கன்வாடிக்குத் தூக்கிக்கொண்டு போனாள். அங்கே இருந்த டீச்சர் ஒரு கையேட்டை எடுத்து வைத்துக்கொண்டு வரிசையாகக் கேட்டிருக்கிறார். பேர் சொன்னால் திரும்புகிறானா. வேண்டியதை விரல் நீட்டிக் காட்டுகிறானா. நீ சிரித்தால் சிரிக்கிறானா. மொத்தம் எத்தனை வார்த்தை சொல்கிறான். எஸ்தர் எல்லாவற்றுக்கும் இல்லை, இல்லை என்று சொல்லிச் சொல்லி அழுதுவிட்டாளாம். "பயப்படாதம்மா. வெறும் லேட்டாவும் இருக்கலாம். நெறைய புள்ளங்க அப்பறமா பேசிடும். ஆனா பாக்காம உடக்கூடாது. மொதல்ல காது டெஸ்ட்டு எடு. திருவள்ளூர் பெரியாஸ்பத்திரில இதுக்குன்னே ஒரு எடம் கீது" என்று சொல்லி, ஒரு செவ்வாய்க்கிழமை தேதி போட்டுச் சீட்டு எழுதிக் கொடுத்தார்.

நான் தூங்கி எழுந்து முகம் கழுவியதும் அந்தச் சீட்டை நீட்டினாள்.

"செவ்வாக்கெழம ஒரு நாளு லீவு போடுங்க. ரெண்டு பஸ்ஸு மாறணும். இவனத் தூக்கிக்கினு என்னால தனியா முடியாது."

"காது டெஸ்ட்டா? இவனுக்கா?" என்றேன். "எம்புள்ள செவுடுன்னு எவ சொன்னா?"

ஜோயல் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வாஷர் அடுக்கிக்கொண்டிருந்தான். நான் அலமாரியிலிருந்து பிஸ்கட் பாக்கெட்டை எடுத்து, முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு அந்தக் கவரை மெல்லக் கசக்கினேன். சரசரவென்று ஒரு சின்னச் சத்தம். வாஷரை அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்தான். என் முகத்தைப் பார்க்கவில்லை, நேரே என் கைக்குப் போனான்.

"பாத்தியா?" என்றேன். "காது நல்லா கேக்குது. பேசறதுதான் பாக்கி. நான் நாலு வயசுல பேசுனவன். ஆம்பள புள்ள லேட்டாத்தான் பேசும். அக்கம்பக்கத்துல சொல்றதெல்லாம் கேட்டுக்கினு பேஜாரு பண்ணாத."

நான் நாலு வயதில் பேசினேன் என்று எனக்கு யாருமே சொன்னதில்லை. வாயில் வந்தது, சொல்லிவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை காலை நான் ஷிப்ட் முடித்து வந்து படுத்துவிட்டேன். எஸ்தர் புடவை கட்டி, தலை சீவி, பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு கட்டில் பக்கத்தில் வந்து நின்றாள். "ஏங்க" என்றாள். வீட்டுப் பழக்கத்தில் அதையும் மெதுவாகத்தான் சொன்னாள். நான் கண்ணைத் திறக்காமலே, "தூங்க உடு" என்றேன். கொஞ்ச நேரம் நின்றுகொண்டிருந்தாள் என்று நினைக்கிறேன். மூன்று மணிக்கு நான் எழுந்தபோது பழைய நைட்டியில் உட்கார்ந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கு ஜோயலுக்கு ஒரு வயது ஏழு மாதம்.

4

மூன்று வயதில் ஜோயல் பேசினான். எங்கள் காம்பவுண்டுக்கு ரயில் நிலையத்து அறிவிப்பு நன்றாகக் கேட்கும். ஒருநாள் அவன் ஜன்னலைப் பார்த்தபடி, பயணிகளின் கனிவான கவனத்திற்கு என்று தொடங்கி, சென்னை போகும் மின்சார ரயில் எந்த நடைமேடைக்கு வரும் என்பது வரை ஒப்பித்தான். அப்புறம் அதையே ஹிந்தியில் சொன்னான். அப்புறம் இங்கிலீஷில். அதே பெண் குரல், அதே இழுப்பு. நான் தலைகால் புரியாமல் குதித்தேன். "மூணு பாஷ பேசறான்டி எம்புள்ள" என்றேன். அவசர அவசரமாகக் காணொளி எடுத்து எல்லோருக்கும் அனுப்பினேன். டேனியல் இன்றைக்கும் சொல்கிற "லேட்டாப் பேசுனான்" அதுதான்.

எஸ்தர் குதிக்கவில்லை. "ஒரு பாஷையில கூட அம்மான்னு கூப்பிடலியே" என்றாள். நான் அவளை முறைத்தேன்.

அந்தச் சமயத்தில்தான் எனக்கு மெல்பர்னில் வேலை உறுதியானது. மேற்குப் புறநகரில் ஒரு உலோகத் தொழிற்சாலை, பராமரிப்பு ஃபிட்டர், தற்காலிக வேலை விசா. பகல் ஷிப்ட். ஜோயலுக்கு மூன்றே முக்கால் வயதில் வந்து இறங்கினோம். இனி எல்லாம் சரியாகிவிடும் என்று நான் நினைத்ததற்கு ஒரு காரணமும் கிடையாது. விமானம் ஏறினால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம் ஊர் ஆட்கள் எல்லோரும் நினைப்பதுதான்.

அடுத்த வருடம் கிண்டர் என்கிற மழலைப் பள்ளியில் சேர்த்தோம். மூன்றாவது வாரமே அந்த டீச்சர் எங்களைத் தனியாகக் கூப்பிட்டு உட்கார வைத்தார். பிள்ளை மற்றப் பிள்ளைகளோடு சேரவில்லை, பேர் சொன்னால் திரும்பவில்லை, ஒரு நிபுணரிடம் காட்டலாமா என்று ரொம்ப மரியாதையாகக் கேட்டார். அவர் சொன்னதில் பாதி எஸ்தருக்குப் புரியவில்லை. ஆனால் முகம் பிரகாசமாகிவிட்டது. யாரோ ஒருவர் கடைசியில் கேட்டுவிட்டார் அல்லவா.

நான் என்ன செய்தேன் தெரியுமா? நம்மாள் ஒருவரிடம் ஆலோசனை கேட்டேன். விசா விண்ணப்பங்கள் நிரப்பித் தருகிறவர். அவர் காபியை உறிஞ்சிக்கொண்டே சொன்னார். "அவசரப்படாதீங்க சார். நிரந்தர விசாவுக்குக் குடும்பத்துல எல்லாருக்கும் மெடிக்கல் இருக்கு. ஒருத்தருக்குப் பிரச்சினைன்னா மொத்தக் குடும்பத்துக்கும் சிக்கல். இப்போ டாக்டர்கிட்ட போனா பேப்பர்ல ஏறிடும். விசா வரட்டும், அப்புறம் ஆற அமரப் பாத்துக்கலாம். வீட்ல இங்கிலீஷ் மட்டும் பேசுங்க, தானா சரியாயிடும்."

ஆற அமர. இந்தச் சொல்லை இப்போது யார் சொன்னாலும் எழுந்து போய்விடுகிறேன். ஆனால் அன்றைக்கு எனக்கு அது தேனாக இனித்தது. டீச்சரிடம் போய், ஊரில் காட்டியிருக்கிறோம், வெறும் தாமதம்தான் என்று சொல்லிவிட்டார்கள் என்று பொய் சொன்னேன். பக்கத்திலேயே எஸ்தர் உட்கார்ந்திருந்தாள். அந்த அளவு இங்கிலீஷ் அவளுக்குப் புரியும்.

அப்புறம் ஒரு வருடம் எங்கள் வீட்டில் இங்கிலீஷ் மட்டும். எஸ்தர் கடம்பத்தூர் பள்ளிக்கூடத்தில் பத்தாவது வரை படித்தவள். கம், ஈட், ஸிட், நோ. அவளுக்குத் தெரிந்தது அவ்வளவு. கோபம் வந்தால் கோபப்பட வார்த்தை கிடையாது, கொஞ்ச வேண்டும் என்றால் கொஞ்சவும் கிடையாது. பேச வராத பிள்ளைக்காக, பேசத் தெரிந்த ஒருத்தியின் வாயையும் அடைத்தேன். கும்மிடிப்பூண்டியில் எனக்குத் தூக்கம் வேண்டும் என்று ஒருமுறை, இங்கே எனக்கு விசா வேண்டும் என்று இரண்டாவது முறை.

5

ஒரு காலையில் நான் வேலைக்குக் கிளம்பும்போது எஸ்தர் என் சாப்பாட்டுப் பையைக் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னாள். "நாளைக்கி நான் அந்த டீச்சர்கிட்ட போறேன். நீங்க சொன்னது பொய்யின்னு சொல்லப் போறேன். இங்கிலீஷ்ல எப்டி சொல்றதுன்னு எழுதி வெச்சிக்கிறேன்." சண்டை போடவில்லை. ஒரு துண்டுக் காகிதத்தைக் காட்டினாள். மை ஹஸ்பண்ட் லை என்று எழுதியிருந்தது. மறுநாள் லீவு சொல்லிவிட்டு நானும் அவளோடு போனேன். இங்கிலீஷைத் திருத்திச் சொல்வதற்காகவாவது நான் வேண்டியிருந்தது.

மாதக்கணக்கில் வரிசையில் காத்திருந்து நிபுணரிடம் முறை வந்தபோது ஜோயலுக்கு ஐந்தரை வயது. எஸ்தருக்காகத் தொலைபேசியில் ஒரு மொழிபெயர்ப்பாளரை ஏற்பாடு செய்திருந்தார்கள். யாழ்ப்பாணத்துத் தமிழ் பேசுகிற ஒரு அம்மா. நிபுணர் ஒவ்வொன்றாகக் கேட்க, அந்த அம்மா தமிழில் சொன்னார். "பிள்ளையைப் பேர் சொல்லிக் கூப்பிட்டால் அவர் திரும்பிப் பார்க்கிறவரா?" எஸ்தருக்குக் கண் கலங்கிவிட்டது. எங்கள் பையனை அதுவரை யாரும் 'அவர்' என்று சொன்னதில்லை. எதற்கு அழுகிறார் என்று நிபுணர் கேட்டார். அதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல், தூசு என்று சொல்லிவிட்டேன்.

அங்கன்வாடி டீச்சர் கேட்ட அதே கேள்விகள்தான். விரல் நீட்டுகிறாரா, சிரித்தால் சிரிக்கிறாரா, எத்தனை வார்த்தை சொல்கிறார். கூடவே, கையைப் பிடித்து இழுக்கிறாரா, எங்கேயோ கேட்டதைத் திரும்ப ஒப்பிக்கிறாரா. ஒரு கடலைத் தாண்டி, இத்தனை வருடம் கழித்து, அதே கேள்விகள்.

கடைசியில் நிபுணர், "இதற்கு முன்னால் யாராவது சந்தேகம் சொன்னார்களா?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் எஸ்தர் பாஸ்போர்ட் வைக்கிற ஃபைலைத் திறந்தாள். தடுப்பூசி அட்டைக்குப் பின்னாலிருந்து நாலாக மடித்த ஒரு காகிதத்தை எடுத்து மேஜைமேல் விரித்தாள். திருவள்ளூர் ஆஸ்பத்திரிக்கு எழுதிய சீட்டு. செவ்வாய்க்கிழமை. மடித்த இடங்களில் கிழிந்து, பின்பக்கம் செலோடேப் ஒட்டியிருந்தது. அதைத் தூக்கிப் போட்டிருப்பாள் என்று நான் நினைத்திருந்தேன்.

ஆட்டிசம் என்றார்கள். அதோடு பேச்சுத் தாமதமும். பேசத் தாமதமாகிற எல்லாப் பிள்ளைக்கும் ஆட்டிசம் கிடையாது, ஆனால் பேச்சுத் தாமதம்தான் பல வீடுகளில் முதலில் கண்ணில் படும் என்று அந்த நிபுணர் பொறுமையாக விளக்கினார். நான் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். வீட்டில் யாரும் பேசாமல், சத்தமே இல்லாமல் வளர்த்ததால் இப்படி ஆகிவிட்டதா?

"இல்லை. அதனால் வராது. இது பிறப்பிலேயே இருப்பது" என்றார். எனக்கு ஒரு நொடி உயிர் வந்தது. ஆனால் அவர் முடிக்கவில்லை. "ஆனால் அந்த அமைதியில் உங்களுக்குத் தெரியாமல் போயிருக்கும்" என்றார்.

தெரியாமல் போகவில்லை. எனக்குத் தெரியாமல் போயிருக்கலாம். எஸ்தருக்குத் தெரிந்திருந்தது, நாகம்மா அக்காவுக்குத் தெரிந்திருந்தது, அங்கன்வாடி டீச்சருக்குத் தெரிந்திருந்தது. ஒரு வயது ஏழு மாதத்தில் தொடங்கியிருக்க வேண்டியதை ஐந்தரையில் தொடங்கினோம். அப்போதே தொடங்கியிருந்தால் இன்றைக்கு எத்தனை வார்த்தை பேசுவான் என்று எந்த டாக்டரும் உறுதியாகச் சொல்லமாட்டார். நானும் கேட்பதை விட்டுவிட்டேன். தும்பை விட்டுவிட்டு வாலைப் பிடிக்கிறேன் என்று எனக்கே தெரிகிறது.

வீட்டில் இங்கிலீஷ் மட்டும் பேசியதையும் நிபுணரிடம் சொன்னேன். கூடாது என்று தலையை ஆட்டினார். அம்மாவுக்கு எந்த மொழி இயல்பாக வருகிறதோ அதில் பேசட்டும், இரண்டு மொழி கேட்பதால் ஒன்றும் கெட்டுப்போகாது என்றார். அன்று மாலை எஸ்தர் சமையலறையில் ஜோயலுக்குச் சோறு ஊட்டிக்கொண்டே பேசினாள். ஒரு வருடமாக அடைத்து வைத்திருந்த அத்தனையையும். அவன் பதில் சொல்லவில்லை, ஆனால் எழுந்து ஓடவும் இல்லை.

6

விசா என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். அந்த ஒரு வருடம் ஒளித்து வைத்ததில் ஒரு மண்ணும் ஆகவில்லை. விசாவுக்கான மெடிக்கல் பரிசோதனைக்குப் போனபோது அங்கிருந்த டாக்டர் ஃபைலைப் பார்க்கவே இல்லை. ஜோயலைப் பார்த்து, "உன் பேர் என்ன?" என்று கேட்டார். அவன் மேஜைமேல் இருந்த பேனாக்களை வரிசையாக அடுக்கினான். "ஜோயல்" என்று கூப்பிட்டார். அவன் அடுக்கிக்கொண்டே இருந்தான். அவ்வளவுதான், ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. பையனையே கூட்டிக்கொண்டு போய் முன்னால் நிறுத்துகிறபோது பேப்பரை ஒளித்து என்ன பயன் என்று எனக்கு முன்னாலேயே உறைத்திருக்க வேண்டும்.

விசா அலுவலகத்தில் கூடுதல் அறிக்கை கேட்டிருக்கிறார்கள். இந்தப் பிள்ளையால் இந்த நாட்டுக்கு எவ்வளவு செலவாகும் என்று யாரோ எங்கேயோ உட்கார்ந்து பார்ப்பார்கள். அந்தச் செலவுக் கணக்கிலிருந்து விலக்கு கேட்கலாம் என்று ஒரு வழி இருக்கிறது, அதற்குக் கடிதங்கள் சேர்க்கிறோம். நிரந்தர விசா இல்லாததால் அரசு உதவித் திட்டம் கிடையாது. உதவி தேவைப்படுகிற பிள்ளை என்பதால் நிரந்தர விசாவே சந்தேகம். இதை எழுதி முடித்துப் படித்துப் பார்த்தேன், எங்கேயும் பிழை இல்லை, இப்படித்தான் இருக்கிறது.

பேச்சுப் பயிற்சிக்கு வாரம் ஒருமுறை போகிறான். பட அட்டைகள் வைத்துச் சொல்லிக் கொடுக்கிறார்கள். ஒரு பக்கம் வீட்டு ஆட்களின் போட்டோ, இன்னொரு பக்கம் வேலைகளின் படம். யார் என்ன செய்கிறார் என்று சேர்த்து வைக்க வேண்டும். அம்மா போட்டோவுக்குப் பக்கத்தில் சோறு ஊட்டுகிற படத்தை வைத்தான். என் போட்டோவைக் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தான். பிறகு கட்டிலில் ஆள் தூங்குகிற படத்தைத் தேடி எடுத்து அதன் பக்கத்தில் வைத்தான். நான் பகலில் தூங்கி மூன்று வருடத்துக்கு மேல் ஆகிறது. பயிற்சி கொடுக்கிற பெண் சிரித்தார். "நல்ல ஞாபகசக்தி" என்றார். என்னால் அந்த இடத்தில் உட்கார முடியவில்லை, வெளியே போய்க் காரில் உட்கார்ந்துகொண்டேன்.

7

இதுவரை எழுதியதை நேற்று மதியம் எஸ்தர் படித்தாள். "இது அவன் கைக்குப் போயி, அவன் படிக்கறதுக்குள்ள ஆரோனுக்கு மூணு வயசு ஆயிடும். போன் பண்ணுங்க" என்றாள்.

இங்கே மணி மூன்றரை. அங்கே காலை பதினொன்று. ராத்திரி ஷிப்ட் பார்த்தவன் அடித்துப் போட்ட மாதிரி தூங்குகிற நேரம். தெரிந்தேதான் கூப்பிட்டேன். டேனியல் எடுக்கவில்லை. பிரியாவைக் கூப்பிட்டேன். எடுத்தவள் கிசுகிசுத்தாள்.

"அண்ணா, அவரு தூங்குறாரு. அப்பறமா பேசச் சொல்லட்டுமா?"

"எழுப்பும்மா."

"திட்டுவாருண்ணா."

"திட்டட்டும். நான் சொன்னேன்னு எழுப்பு. போன ஸ்பீக்கர்ல போடு."

கட்டில் கிறீச்சிட்டது. எவன் அது என்று ஒரு உறுமல். பிறகு டேனியலின் பதறிய குரல். "இன்னா மாமா? எதுனா ஆயிடுச்சா? அக்கா நல்லாகீதா?"

"எல்லாம் நல்லாத்தான் கீறோம். ஆரோன் எங்க?"

"தோ, தரையில குந்திக்கினு வண்டி சக்கரத்த சுத்திக்கினு கீறான். ஏன்?"

"பேரச் சொல்லிக் கூப்டு."

"ஆரோனு" என்றான். அந்த வீட்டுப் பழக்கம், குரல் தொண்டையைத் தாண்டவில்லை.

"சத்தமாடா. தெருவுக்குக் கேக்கணும்."

"ஆரோனு. டேய் ஆரோனு." நன்றாகவே கத்தினான். நாங்கள் இருவரும் காத்திருந்தோம். இங்கே எஸ்தர் என் பக்கத்தில் வந்து நின்றாள். அந்தப் பக்கம் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது.

"வெளயாட்டு மும்முரத்துல கீறான் மாமா" என்றான் டேனியல். "இரு, இப்ப பாரு."

என்னவோ எடுக்கிற சத்தம். பிறகு சரசரவென்று ஒரு சின்னச் சத்தம். எனக்கு அது என்ன என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. தரையில் சின்னக் கால்கள் தடதடவென்று ஓடி வந்தன.

"பாத்தியா மாமா?" டேனியலின் குரலில் அத்தனை நிம்மதி. "பிஸ்கட் கவருதான். எப்டி ஓடியாறான் பாரு. காது நல்லா கேக்குது. பேசறதுதான் பாக்கி."

வார்த்தைக்கு வார்த்தை அதேதான். நான் அவனுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. அவனாகவே சொன்னான். ஆரோனுக்கு வெறும் தாமதமாக இருக்கலாம், வேறு ஏதாவதாகவும் இருக்கலாம். எனக்குத் தெரியாது, அவனுக்கும் தெரியாது. பார்த்தால்தான் தெரியும். அதைச் சொன்னேன். கத்தாமல், பொய் சேர்க்காமல், ஜோயலைப் பற்றிய உண்மையையும் சேர்த்துச் சொன்னேன்.

"சரி மாமா" என்றான். "இந்த வாரம் ஃபுல்லா நைட்டு. அடுத்த வாரம் லீவு கேட்டுப் பாக்கறேன். இப்ப கொஞ்சம் தூங்கறேன், கண்ணு எரியுது."

எஸ்தர் என் கையிலிருந்து போனை வாங்கினாள். தம்பியிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

"பிரியா, கேக்குதா? திருவள்ளூர் பெரியாஸ்பத்திரி. ரெண்டு பஸ்ஸு மாறணும், தண்ணி பாட்டிலு எடுத்துக்கோ. யாருக்காகவும் காத்துக்கினு இருக்காத. புள்ளையத் தூக்கிக்கினு நீ கெளம்பு. அவன் தூங்கட்டும்."

சொல்லிவிட்டுப் போனை என்னிடம் கொடுத்தாள். என் முகத்தை அவள் பார்க்கவில்லை.